அம்பேத்கரின் பொருளியலை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

வியாசர்பாடி மாணவன்:
சென்னையில் பொருளியல் முதுகலை படிக்கிறேன். ஏப்ரல் 14 அன்று அடையாறு அம்பேத்கர் மணிமண்டபத்தில் என் தங்கை, "இவர் வக்கீல்தானே, உன் பாடத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள். 1923-ல் லண்டனில் பொருளியலில் டாக்டர் பட்டம் பெற்றவர் என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. எதை முதலில் படிக்கலாம்? அவருடைய பொருளியலும் சாதி ஒழிப்புப் போராட்டமும் தனித்தனியானவையா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்:
தம்பி, சிறு நிலவுடைமை பற்றி அவர் 1918-ல் எழுதிய கட்டுரையில் தொடங்குங்கள். துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்தாலே வேளாண்மை செழிக்கும் என்று பலர் வாதிட்டபோது, நிலத்தின் அளவை மட்டும் பார்ப்பது தவறு, அதில் எவ்வளவு மூலதனமும் உழைப்பும் இறங்குகின்றன என்பதைப் பார்க்க வேண்டும், மிகுந்துள்ள கைகளுக்குத் தொழில்துறையில் வேலை வேண்டும் என்றார் அவர். அதே ஆண்டு பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியரானார்; ஆசிரியர்களுக்கான பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று உடன் பணியாற்றியவர்கள் சிலர் எதிர்த்தார்கள். தனித்தனியா என்று கேட்டீர்களே, அந்தப் பானையை நினைத்துக்கொண்டு கட்டுரையைப் படியுங்கள்.

வங்கி ஊழியர், தாம்பரம்:
ஐயா சொல்வது சரிதான். ஆனாலும் பொருளியல் மாணவர் ரூபாய் பற்றிய அவருடைய ஆய்வை ஒதுக்கிவிடக் கூடாது. ஆங்கிலப் பொருளியலாளர் கெயின்ஸ் ஆதரித்த தங்கப் பரிமாற்று முறையில் (உள்நாட்டில் ரூபாய்க்குத் தங்கம் தராமல், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு மட்டும் அதன் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் முறை) அரசு விரும்பிய அளவுக்கு ரூபாயை வெளியிட முடியும் என்பதையும், அப்படி வெளியிட்டால் விலைவாசி ஏறும், கூலி அதன் பின்னால் மெதுவாகத்தான் நகரும் என்பதையும் அம்பேத்கர் காட்டினார். இந்திய நாணய முறையை ஆராய்ந்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன்பும் சாட்சியம் அளித்தார். ரிசர்வ் வங்கியை அவரே நிறுவினார் என்று ஏப்ரல் மாதந்தோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி மட்டும் மிகை. மைய வங்கியைப் பரிந்துரைத்தது அந்த ஆணையம். வங்கி 1935-ல் தொடங்கியது.

வழக்கறிஞர், எழும்பூர்:
1937-ல் கொங்கணத்தின் கோத்தி நில முறையை ஒழிக்க அவர் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உழவரிடம் வரி தண்டும் இடைத்தரகர்களின் பிடியைத் தளர்த்தும் முயற்சி அது. உங்கள் தங்கைக்கும் அதிலிருந்தே விளக்கலாம்: வக்கீல் எழுதிய மசோதாதான், ஆனால் குத்தகைக் கணக்கு தெரிந்த வக்கீல்.

வியாசர்பாடி மாணவன்:
நன்றி. சனிக்கிழமை கன்னிமாரா நூலகத்தில் அவருடைய எழுத்துகளின் தமிழ்த் தொகுதிகளைக் கேட்டுப் பார்க்கிறேன். தங்கையும் உடன் வருகிறாளாம்.