புதுப்பிப்பு: திருப்பூரில் வடமாநிலப் பெற்றோர் பள்ளிக் கூட்டத்துக்கு வர எது உதவியது

வெள்ளிக்கிழமை மதியக் கூட்டத்துக்கு ஒடிசா, பீகார் பெற்றோர் யாருமே வருவதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

பலன் தந்தது இரண்டு யோசனை: நோட்டீஸுக்குப் பதில் வாட்ஸ்அப் குரல்பதிவு, ஞாயிறு காலை 11 மணிக்கு அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலிலேயே கூட்டம். பனியன் கம்பெனியில் லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். வராததற்கு அதுதான் காரணம், அக்கறை இல்லாததல்ல.

முதல் குரல்பதிவை இந்தியில் அனுப்பியது தப்பு. ஒடிசா அம்மாக்களுக்குப் பாதிதான் புரிந்தது. அவர்களில் ஒருவரே ஒடியாவில் 40 விநாடி பேசிக் கொடுத்த பிறகுதான் ஆள் சேர்ந்தது. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீங்க. தன் மார்க்கைப் பற்றிய பேச்சை எந்தப் பிள்ளையும் அப்படியே சொல்லாது.

எதிர்பாராதது: டி.சி., பிறப்புச் சான்று கேட்டுப் பிள்ளையை அனுப்பிவிடுவார்களோ என்று பெற்றோருக்கு இருந்த பயம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கை மறுக்கக் கூடாது. பிரிவு 5: டி.சி. தாமதமும் காரணமாகாது. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். குரல்பதிவில் முதலில் இதைச் சொல்லுங்க.

நைட் ஷிப்ட் அப்பாக்கள் மட்டும் இன்னும் வரவில்லை.