பழைய ஜிப்சிக்கு 2 அங்குல லிஃப்டும் 235 டயரும்: போடலாமா, வேண்டாமா?

தாண்டிக்குடிக்காரன்:
என்னுடையது 2006 மாடல் மாருதி ஜிப்சி கிங், ஹார்ட் டாப். இப்போது இருப்பது கம்பெனி அளவான 205/70 ஆர்15 டயர், வழுக்கையாகிவிட்டது, எப்படியும் மாற்றியாக வேண்டும். வார நாட்களில் திண்டுக்கல்லுக்குள் ஓடும், சனி ஞாயிறு தாண்டிக்குடிக்கு மேலே காப்பித் தோட்டத்துக்குப் போகும். தார் ரோடு முடிந்த பிறகு வரும் மண் பாதைதான் தலைவலி. டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து நடுவில் மேடு நிற்கிறது, மழை பெய்தால் பின் ஆக்ஸில் அந்த மேட்டை உழுதுகொண்டே போகிறது. கடையில் கேட்டால் வண்டியை 2 அங்குலம் தூக்கும் லிஃப்ட், 235/75 ஆர்15 மட் டயர், 7 அங்குல ரிம், மூன்றையும் சேர்த்துப் போடு என்கிறார்கள். செலவு கொஞ்சமில்லை. போடலாமா?

செம்மண்தடம்:
யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். ஜிப்சிக்கென்றே அமைந்த அளவு அது. 205/70 டயரின் மொத்த உயரம் 668 மி.மீ., 235/75 என்றால் 733. ஆக்ஸிலுக்கு அடியில் மட்டும் 33 மி.மீ. கூடுகிறது. லிஃப்டும் சேர்ந்தால் சேஸிஸ், பெட்ரோல் டேங்க், சைலன்சர் எல்லாம் இன்னும் மேலே போய்விடும். என் வண்டி இதே அமைப்பில்தான் எஸ்டேட் பாதைகளில் ஓடுகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலும் வயிறு தட்டாது.

லோகியர்:
கடைக்காரர் விற்க நினைப்பதை அப்படியே வாங்காதீர்கள். உங்களுக்குத் தட்டுவது என்ன? பின் ஆக்ஸில். லிஃப்ட் பாடியையும் சேஸிஸையும்தான் தூக்கும், ஆக்ஸில் டயர் உயரத்தில் பாதிக்குத்தான் நிற்கும். 2 அங்குலம் என்ன, 6 அங்குலம் தூக்கினாலும் ஆக்ஸில் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் அதே இடத்தில் நின்று அதே மேட்டை உழும். ஆக உங்கள் சிக்கலுக்கு மருந்து டயர் மட்டும்தான். அதிலும் 215/75 ஆர்15 போட்டால் உயரம் 703 மி.மீ., ஆக்ஸில் கிட்டத்தட்ட 18 மி.மீ. ஏறும். 235-க்கும் அதற்கும் வித்தியாசம் வெறும் 15 மி.மீ. அந்த 15 மி.மீட்டருக்காக லிஃப்ட், ரிம், அப்புறம் அதன் பின்னால் வரிசையாக வரும் செலவு எல்லாம் தேவையா?

ரிம்மையும் சொல்லிவிடுகிறேன். ஜிப்சியின் ரிம் 5.5 அங்குல அகலம். 215/75 அதில் சரியாக உட்காரும். 235/75-க்குக் குறைந்தது 6 வேண்டும், அதனால்தான் 7 அங்குல ரிம்மைச் சேர்த்துத் தள்ளுகிறார்கள்.

செம்மண்தடம்:
லோகியர் சொல்வது தாளில் சரி. மழை நாளில் அந்தப் பாதைக்கு நேரில் வந்து பார்த்தால் தெரியும். நடு மேட்டில் ஆக்ஸில் மட்டுமா தட்டும்? டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரிக்கும் கியர் பெட்டி) பக்கம் குறுக்கே போகும் மெம்பர், சைலன்சர் பைப், ஒன்றையும் விடாது. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது 235 டயர் ஃபெண்டரில் முட்டாமல் இருக்கத்தான் லிஃப்ட். அது தனி அலங்காரம் இல்லை, டயருக்கு இடம் செய்வது. 15 மி.மீ. உங்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். சேறில் நிற்கிற வண்டிக்கும் நகர்கிற வண்டிக்கும் நடுவே பல சமயம் அவ்வளவுதான் இருக்கும்.

லோகியர்:
சரி, இன்ஜினைப் பற்றிப் பேசுவோம். 1.3 லிட்டர் பெட்ரோல், 80 குதிரைத் திறன், 103 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் 4500 ஆர்பிஎம்மில்தான் முழுதாக வரும். கீழே இழுவை கிடையாது. 235 டயர் போட்டால் சுற்றளவு கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுகிறது, அதாவது எல்லா கியரும் 10 சதவீதம் நீண்டுவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ விகிதம் 2.268. பெரிய டயரில் அது 2.07 ஆனதற்குச் சமம். ஏற்றத்தில் ஊர்ந்து ஏறத்தான் லோ, அதையே காவு கொடுத்துவிட்டு உயரம் வாங்குகிறீர்கள். காப்பி மூட்டை நாலை ஏற்றிக்கொண்டு தோட்டத்திலிருந்து கிளம்பும்போது கிளட்ச் வாசனை வரும், பாருங்கள். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாறைப் பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வருகிறார்கள். மெல்லிய டயர், சாதா பட்டை ஸ்பிரிங், நல்ல லோ கியர், பழகிய கை. அவ்வளவுதான்.

செம்மண்தடம்:
கொழுக்குமலை ஜீப்பைக் கொண்டுவந்துவிட்டீர்களா, இந்த விவாதத்தில் யாராவது ஒருவர் கொண்டுவராமல் இருக்கமாட்டார்கள். அது டீசல் இன்ஜின் ஐயா, ஐட்லிங்கிலேயே இழுக்கும். ஓட்டுகிறவருக்கு அந்தப் பாதையில் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்பது கண்ணை மூடினாலும் தெரியும். அதோடு அது பாறை, இவருடையது சேறு. மெல்லிய ரோடு டயரின் பட்டன்களுக்குள், அதாவது மேல் ரப்பர் கட்டிகளுக்கு நடுவே, களிமண் ஏறி அப்பிக்கொண்டால் வெறும் ரப்பர் உருளைதான் மிஞ்சும்.

லோகியர்:
மட் டயர் 215/75-லும் தேடினால் கிடைக்கும். பட்டன் ஆழமும் டயர் உயரமும் வேறு வேறு விஷயம், இரண்டையும் ஏன் சேர்த்துக் கட்டுகிறீர்கள்? தார் ரோடு முடிகிற இடத்தில் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், டயர் தரையில் பரவி உட்காரும். திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்ள ஒரு சின்ன கம்ப்ரஸர் போதும்.

பட்டறை_அண்ணாச்சி:
தம்பிகளா, ரெண்டு பேரும் டயரையே பிடித்துத் தொங்குகிறீர்கள். வண்டி 2006. பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை.

இத்தனை வருஷத்துப் பட்டை தட்டையாகத்தான் இருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஆக்ஸில் குழாயிலிருந்து அதற்கு மேலே அடி தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் வரைக்கும் டேப் பிடித்து நாலு பக்கமும் அளந்து எழுது. டிரைவர் பக்கம் தாழ்ந்து நின்றால் ஆச்சரியப்படாதே. பிளேட்டுக்கு நடுவே துரு ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அப்படி ஒட்டினால் அது ஸ்பிரிங்கே இல்லை, இரும்புக்கட்டை. கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி வளைத்து கேம்பர் வைத்து, புது புஷ், புது சென்டர் போல்ட், கிரீஸ் போட்டுக் கட்டு. யூ போல்ட் கட்டாயம் புதுசு, பழையதை மறுபடி இறுக்கினால் இழுபட்ட மரை பிடிக்காது. கேம்பரை விட மெயின் பிளேட்டும் அடுத்ததும் புதுசாகப் போட்டால் இன்னும் நல்லது, அடித்து வளைத்த பட்டை சீக்கிரம் மறுபடி இறங்கிவிடும். இதிலேயே வண்டி தன் பழைய உயரத்துக்கு வந்துவிடும். அதைத்தான் சில கடையில் லிஃப்ட் என்று விற்கிறார்கள்.

லிஃப்டே வேண்டும் என்றால் எந்த லிஃப்ட் என்று கேள். பட்டையின் நுனியைச் சேஸிஸோடு கோக்கும் ஷேக்கிளை மட்டும் நீளமாக மாட்டிவிட்டால் மலிவு. ஆனால் 2 அங்குலம் நீண்ட ஷேக்கிள் 1 அங்குலம்தான் தூக்கும். ஜிப்சியில் முன் பட்டையின் ஷேக்கிள் முன்பக்கம் இருக்கிறது, அதை நீட்டினால் ஆக்ஸில் முன்னால் சாய்ந்து காஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு, குறையும். நேர் ரோட்டில் 70-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் மிதக்கும், திருப்பிவிட்டால் தானாக நேருக்கு வராது. ஆப்பு பிளேட் வைத்துச் சரி செய்யலாம், அதைக் கடைக்காரன் சொன்னானா? பட்டையையே ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றுகிற வேலை வேறு, அது 5 அங்குலம் போகும், உனக்கு வேண்டவே வேண்டாம். எதைச் செய்தாலும் ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை முழுசாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார். அதைப் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதே.

செம்மண்தடம்:
அண்ணாச்சி சொன்ன பட்டை வேலையை நான் மறுக்கவில்லை, என் வண்டியில் இருப்பதும் ஷேக்கிள் இல்லை, புதுப் பட்டைதான், ஆப்பும் வைத்திருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் மிதக்காது.

கறுப்புக்காப்பி:
சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. உங்கள் வண்டி 2006 என்றால் 15 வருடம் முடிந்து ஒருமுறை ஆர்சி புதுப்பித்திருப்பீர்கள், அது 5 வருடத்துக்குத்தான். அடுத்த முறை இன்ஸ்பெக்டர் முன்னால் ஃபெண்டருக்கு வெளியே துருத்தும் டயரோடு போய் நிற்பீர்களா? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவதும் இப்படி ஒரு காரணத்தைத்தான்.

செம்மண்தடம்:
ரோட்டில் ஓடுகிற ஜிப்சியில் பாதி இப்படித்தான் ஓடுகிறது. யார் பிடித்தார்கள்?

கறுப்புக்காப்பி:
பிடிக்காத வரைக்கும் சரிதான். பிடித்த பிறகு மற்ற வண்டிகளைக் காட்டி வாதாட முடியாது.

லோகியர்:
சட்டத்தை விடுங்கள், உடம்பைப் பாருங்கள். ஜிப்சியின் இரண்டு முன் சக்கரங்களுக்கு நடுவே தூரம் 1300 மி.மீ.தான். ஏற்கெனவே ஒல்லியான, உயரமான வண்டி. அதை மேலும் தூக்கி, மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் மூட்டையோடு இறக்குவதா? அகல ரிம் போட்டால் சக்கரம் வெளியே வரும், நிலைத்து நிற்கும் என்பீர்கள். வெளியே வந்த அளவுக்கு வீல் பேரிங்கும், முன் சக்கரம் ஒடியும் இடத்து கிங் பின் பேரிங்கும் அடி வாங்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பார்க் செய்ய ஒருமுறை ஒடித்தால் தோள்பட்டை சொல்லும்.

செம்மண்தடம்:
தோள்பட்டை வலிக்கும் என்றால் ஆல்டோ வாங்கலாமே. ஜிப்சி வைத்திருப்பவன் யாரும் சொகுசுக்காக வைத்திருப்பதில்லை. கியர் விஷயத்தில் மட்டும் லோகியர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஐந்தாவது கியர் மலையில் எனக்குப் பயன்படுவதில்லை, நாலிலேயே ஓட்டுகிறேன். அதற்காக மேட்டில் வயிறு மாட்டிக்கொண்டு டிராக்டருக்குக் காத்திருக்க நான் தயாரில்லை.

தாண்டிக்குடிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்னபடி டேப் பிடித்தேன், பின்னால் இடது பக்கத்தைவிட வலது பக்கம் ஒரு விரல் தாழ்வு. முதலில் பட்டை வேலை, அப்புறம் பழைய ரிம்மிலேயே 215/75 மட் டயர். லிஃப்ட் இப்போதைக்கு இல்லை. இரண்டு பின் டயரை முதலில் வாங்கிவிட்டு முன் டயரை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாமா?

செம்மண்தடம்:
உங்கள் பணம், உங்கள் முடிவு. ஐப்பசி மழை முடிந்ததும் அந்த மேட்டில் எடுத்த படம் ஒன்று போடுங்கள், மறுபடி பேசலாம்.

பட்டறை_அண்ணாச்சி:
தம்பி, ரெண்டு மட்டும் வாங்காதே. முன்னாலும் பின்னாலும் டயர் உயரம் வேறாக இருக்கும்போது ஃபோர் வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும், லீவர் திரும்ப வராது. காசு சேரும் வரை பழைய நாலையே ஓட்டு. வாங்கும்போது ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்தாக வாங்கு. மட் டயர் கனம் கூட, பின் கதவில்தானே தொங்கப் போகிறது, கீல் போல்ட்டை இறுக்கிவிட்டு மாட்டு.