ஐஸ் ஹொக்கி: டொரொன்டோ லீவ்ஸ் டிபென்ஸுக்கு இடிக்கிற ஆள் வேணுமோ, பக் (ரப்பர் வட்டு) கொண்டு வாற ஆள் வேணுமோ?

ஸ்காபரோ பொடியன்:
2025 பிளேஓஃபில (சீசன் முடிய வாற நொக்கவுட் சுற்று) புளோரிடாவோட கடைசி 7ஆவது மெட்ச் எங்கட ரிங்கிலயே 6-1 எண்டு தோத்துப்போன நாளில இருந்து அப்பாவோட இதே வாக்குவாதம்தான். பெரிய உடம்புக்காரர் இன்னும் வேணுமாம். டிபென்ஸில ரானெவ், மக்கேப், பென்வா, பொஸ்டனில இருந்து எடுத்த கார்லோ (ஆறடி அஞ்சு அங்குலம்!) எல்லாரும் நிண்டும் பக் எங்கட பக்கத்தை விட்டு வெளிய போகேல்லயே? நீங்கள் என்ன சொல்றியள்?

பழைய ரசிகன்:
தம்பி, அப்பா சொல்றது சரி. பிளேஓஃப் வந்தா றெஃபரிமார் கனக்க விசயத்தைக் கண்டும் காணாத மாதிரி விட்டிடுவினம், கோலிக்கு (கோல் காக்கிறவர்) முன்னால வந்து குந்துறவனைத் தள்ளி எடுக்க உடம்பு வேணும். 2023ல வேகாஸ் ஸ்ரான்லி கப் (லீக் சம்பியன் கிண்ணம்) தூக்கேக்க பின்னுக்கு ஹேக், மக்நாப், பியெற்றாஞ்சலோ எண்டு மலை மாதிரி நிண்டவை.

நீலக்கோடு:
அண்ணை, இடிக்கிறது பெரிசில்லை, இடி விழப்போகுது எண்டு தெரிஞ்சும் பாஸ் குடுக்கிறதுதான் பெரிசு. 2005ல சட்டம் மாத்தினவங்கள் எல்லோ, கோல் கோட்டுக்குப் பின்னால மூலைப்பக்கம் கோலி பக்கைத் தொடக்கூடாது எண்டு, அதால அங்க போற பக்கை டிபென்ஸ்காரன்தான் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிப்போய் எடுக்கோணும், புளோரிடாவும் இதுக்குத்தான் பக்கை ஆழத்துக்குத் தள்ளிவிட்டிட்டுத் துரத்தி வாறது. ஓடேக்கயே தோளுக்கு மேலால ரெண்டு தரம் திரும்பிப் பாத்து ஆருக்குக் குடுக்கிறது எண்டு முடிவெடுத்த ஆள் தப்பிடுவான். பாக்காதவன் ரிங்கைச் சுத்தியிருக்கிற கண்ணாடியில அடிச்சு வெளிய விடுவான், அது நேர எதிராளின்ர மட்டைக்குப் போய் திரும்ப எங்கட பக்கமே வரும். புளோரிடாவின்ர போர்ஸ்லிங்கைப் பாருங்கோ, ஆறடிதான், 2021ல கரோலைனா வெய்வர்சில (வேற ரீம் சும்மா எடுக்கலாம் எண்டு) விட்ட ஆள், 2023-24ல பிளஸ் 56 (அவர் ஐஸில நிக்கேக்க ரீம் வாங்கின கோலை விட அடிச்ச கோல் கூடின கணக்கு), லீக்கிலயே முதலாவது.

பழைய ரசிகன்:
போர்ஸ்லிங்குக்குப் பக்கத்தில நிண்ட எக்பிளாட் ஆறடி நாலு. அதை மட்டும் விட்டிட்டீர்.

நீலக்கோடு:
சரி, அது ஞாயம்தான் 😄 ஆனா எக்பிளாடும் பாஸ் தெரிஞ்ச ஆள்தானே.

மூண்டாம் பீரியட்:
கொலராடோவின்ர மகார் மாதிரி ஒராள் கிடைச்சா இந்தக் கதையே தேவையில்லை, மனிசன் ஆறடியும் இல்லை, 2022ல நொறிஸ் (சிறந்த டிபென்ஸ்காரன் விருது), கொன் ஸ்மைத் (பிளேஓஃபில சிறந்த ஆள் விருது), கப் மூண்டும் ஒரே வருசத்தில. ஆனா அப்பிடியானவங்களை ஒரு ரீமும் விக்காது, ட்ராஃப்டில (ரீமுகள் இளம் ஆக்களை முறைக்கு முறை தெரிவுசெய்யிறது) பிடிச்சாத்தான் உண்டு. யூலையில, ஒப்பந்தம் முடிஞ்ச ஆக்களில காசுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் பின்னுக்கு நிண்டு மறிக்கிற ஆக்கள்தான். ரானெவையும் சண்டியன் கணக்கில சேக்காதேங்கோ. ஆறு வருசம், வருசத்துக்கு 4.5 மில்லியன் குடுத்தது ஷொட்டுக்கு முன்னால விழுறதுக்கு மட்டுமில்லை, முதல் பாஸும் சுத்தம். அந்த சீசனில அவரும் மக்கேப்பும் சேந்து நிண்டது நல்ல சோடி (டிபென்ஸ் ரெண்டு ரெண்டு பேரா மூண்டு சோடி). பிரச்சினை மற்ற ரெண்டு சோடியும், அதில ஒவ்வொண்டிலயும் ஒராளாவது பக்கோட திரும்பத் தெரிஞ்சவரா இருக்கோணும், மற்றவர் எவ்வளவு இடிச்சாலும் எனக்கு ஓகே.