அகத்தி டூ போர்ட் பிளேர்: பறக்குறது அஞ்சு மணி நேரம், போய்ச் சேர ரெண்டு நாளு

மண்டபத்துலேர்ந்து எழுதுறேன். லட்சத்தீவுல இருக்குற அகத்திக்கும் அந்தமான்ல இருக்குற போர்ட் பிளேருக்கும் பிளேன்ல எவ்வளவு நேரம்னு தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு, நான் அந்த வழியா போயிருக்கேன்.

நேர்கோட்டுல சுமார் 2240 கிலோமீட்டர். நேரடி பிளேன் கிடையாது. கடல்பாசி வளர்ப்பு வேலையா லட்சத்தீவுல இருந்தப்பதான் போர்ட் பிளேர்ல தங்கச்சி மகளுக்கு காதுகுத்து வச்சாங்க, தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே குத்தணும், அதனால கொச்சி போயி, அங்கேர்ந்து சென்னை போயி, அப்புறம் போர்ட் பிளேர்னு போனேன். அகத்தி கொச்சி 465, கொச்சி சென்னை 520, சென்னை போர்ட் பிளேர் 1370, எல்லாம் கூட்டுனா 2350 பக்கம் வரும். அவ்வளவு மாறிப் போயும் நூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான் கூடுது, ஏன்னா கொச்சியும் சென்னையும் கிட்டத்தட்ட போற வழியிலயே இருக்கு. வானத்துல இருக்குற நேரம் மொத்தமே அஞ்சு மணி நேரம்தான்.

நேரத்த தின்னுறது அகத்திதான். ரன்வே சுமார் 1200 மீட்டர், ரெண்டு பக்கமும் கடலு, பெரிய ஜெட்டு இறங்க வழியில்ல, ஏடிஆர் மாதிரி காத்தாடி வச்ச பிளேன்தான் வரும். அது மெதுவா போறதால கொச்சிக்கே ஒன்றரை மணி நேரம், அதவிட தூரமான கொச்சி சென்னைய ஜெட்டு அதுக்குள்ள முடிச்சிரும். கச்சான் காத்து, அதாவது தென்மேற்குப் பருவக்காத்து, அடிக்கிற மாசத்துல மழை மூடுச்சுன்னா அன்னைக்கு பிளேன் வருமா வராதான்னே தெரியாது. எனக்கு காலை பிளேன் மதியத்துக்கு மேலதான் கெளம்புச்சு, ராத்திரி கொச்சியிலயே தங்கிட்டு மறுநாள்தான் போக முடிஞ்சுது. தனித்தனி டிக்கெட்டா எடுத்தா முத பிளேன் லேட்டானதுக்கு அடுத்த கம்பெனிக்காரன் பொறுப்பேத்துக்க மாட்டான், அதனால கொச்சியில ஒரு ராத்திரி கணக்குல வச்சே டிக்கெட் போடுங்க தம்பி.

இன்னொன்னு, ரெண்டு ஊருலயும் ஒரே இந்திய நேரந்தான். ஆனா தீர்க்கரேகை 20 டிகிரிக்கு மேல வித்தியாசம், டிகிரிக்கு 4 நிமிஷம்னா 80 நிமிஷத்த தாண்டிருது. டிசம்பர்ல அகத்தியில ஆறு மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கும், போர்ட் பிளேர்ல அஞ்சு மணிக்கே பொழுது சாஞ்சிரும், அங்க போயி சாயங்காலம் எங்கயாச்சும் சுத்திப் பாக்கலாம்னா மதியமே கெளம்பிரணும்.

—

அண்ணே, உங்க பதிவ படிச்சேன், நான் கீழக்கரை. சென்னையிலேர்ந்து கப்பல்ல போர்ட் பிளேர் போயிருக்கேன், மூணு நாள் கிட்ட ஆச்சு, சின்னப் புள்ளைங்க உள்ளவங்க பிளேன்லயே போங்க. அங்க ஏர்போர்ட்டு நேவியோட உத்குரோஷ் தளத்துலதான் இருக்கு, அதுலயே பயணிகள் பிளேனும் வருது. நம்ம ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில நேவியோட பருந்து தளம் 2009லேர்ந்து இருக்கு, அதுலயும் அப்படி வந்தா எவ்வளவு நல்லாருக்கும், ராமேஸ்வரத்துக்காரங்க பிளேன் ஏற மதுரைக்கே 170 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கே. தம்பி, அகத்திக்கு பெர்மிட் இல்லாம விட மாட்டாங்க, அத முதல்ல வாங்கிட்டு டிக்கெட்ட பாருங்க.