வெள்ளவத்தை: செப்டிக் டேங்கை மூடிவிட்டு மாநகர சபை சுவரேஜ் (கழிவுநீர்க் குழாய்) லைனில் இணைப்பது எப்படி?

கடலோரம் கேட்டது:

வணக்கம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில ஒரு ஒழுங்கை, 8 பேர்ச் காணி, பழைய வீடு. கீழ்த்தளத்தைத் திருத்தி மேல 2 மாடி எடுக்கிறம். 2 பாத்ரூம் இருந்த இடத்தில 6 வரப்போகுது. பின்வளவில செப்டிக் டேங்கும், அதின்ர தண்ணி மண்ணுக்குள்ள ஊறிப் போற சோக் பிட்டும் இருக்கு. ஒழுங்கையில மாநகர சபை மேன்ஹோல் ஒன்று இருக்கு, முன்வீட்டுக்காரர் அதிலதான் இணைச்சிருக்கினம்.

பின் பாத்ரூமில இருந்து அந்த மேன்ஹோலுக்கு 24 மீற்றர். பின்வளவு ஒழுங்கையை விட ஒரு அடி பள்ளம். கீழ்த்தளத்தின்ர முன்பக்கத்தைச் சாப்பாட்டுக் கடைக்கு வாடகைக்குக் குடுக்கிற எண்ணமும் இருக்கு.

வேலை எடுத்தவர் சொல்றது: செப்டிக் டேங்க் அப்பிடியே இருக்கட்டும், அதின்ர ஓவர்ஃப்ளோவை மட்டும் சுவரேஜுக்குக் குடுப்பம், கூரைத் தண்ணியையும் அதிலயே விட்டா குழாய் தானாக் கழுவுப்படும். இது சரியா? முதல்ல எங்க போகவேணும்? குழாய் என்ன அளவு, என்ன சரிவு?

நீர்மட்டம் எழுதியது:

அவர் சொன்ன ரெண்டுமே பிழை. ஆனா அதுக்கு முதல் மட்டம். மட்டம் தெரியாம பிளான் கீற வேணாம், குழாய் வாங்கவும் வேணாம்.

உங்களுக்குத் தேவையான ஒரே எண் ஒழுங்கை மேன்ஹோலுக்குள்ள குழாயின் அடி மட்டம், அதாவது மூடியின் மேல் விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் வாய்க்காலின் அடி வரைக்கும் எவ்வளவு ஆழம் என்பது. நீங்களே மூடியைக் கிளப்பிப் பார்க்க வேணாம். சபை ஆட்கள் தளம் பார்க்க வரும்போது திறக்கச் சொல்லி, மேலே நின்றபடியே நீளக் கம்பு விட்டு அளங்க. யாரும் உள்ளே இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைட் முதல்ல அழுகின முட்டை மாதிரி மணக்கும், செறிவு கூடினா மூக்கு மரத்து மணமே தெரியாமப் போயிடும். மணம் இல்லை என்று இறங்குறவன்தான் சாகிறான்.

இப்ப கணக்கு. பழைய கையடக்க விதி: 4 இஞ்சிக் குழாய்க்கு 40க்கு 1 (40 மீற்றர் ஓட்டத்துக்கு 1 மீற்றர் இறக்கம்), 6 இஞ்சிக்கு 60க்கு 1, 9 இஞ்சிக்கு 90க்கு 1. பின் பாத்ரூமிலிருந்து முதல் 9 மீற்றர் 4 இஞ்சி என்றால் இறக்கம் 225 மில்லிமீற்றர். மிச்சம் 15 மீற்றர் 6 இஞ்சி, இறக்கம் 250. இடையில் 3 மேன்ஹோல், ஒவ்வொன்றிலும் 25 இழப்பு, மொத்தம் 75. ஆக 550. தொடக்கத்தில் குழாயின் அடி பின்வளவு மட்டத்துக்குக் கீழே 450 என்று வைங்க. முடிவில் பின்வளவு மட்டத்திலிருந்து 1,000. ஒழுங்கை ஒரு அடி உயரம் என்பதால் 300 கூட்டுங்க. மேன்ஹோல் மூடியிலிருந்து 1,300.

சபைக் குழாய் 9 இஞ்சியாக இருந்து அதன் அடி 1,600 இல் இருந்தா அதன் உச்சி ஏறக்குறைய 1,375 இல். உங்க குழாய் அதுக்கு மேலே வந்து விழும், பிரச்சினை இல்லை. சபைக் குழாயின் அடியே 1,200 இல் இருந்தா புவியீர்ப்பில் போகாது. அப்ப 6 இஞ்சியை 100க்கு 1 ஆகத் தட்டையாக்கிப் பார்க்கலாம், 100 மில்லிமீற்றர் மிச்சமாகும். 6 பாத்ரூம் ஓடுற வீட்டுக்கு அந்தச் சரிவு தாங்கும், ஒரே ஒரு கொமட் உள்ள வீட்டுக்குத் தாங்காது. 4 இஞ்சியை 80க்கு 1 ஐ விடத் தட்டையாகப் போடவே வேணாம்.

சரிவு கூடினா தண்ணி முந்திக்கொண்டு ஓடி மலம் தங்கிடும் என்று பாஸ்மார் சொல்றது பாதி கட்டுக்கதை. உண்மையான நட்டம் ஆழம் வீணாகிறதுதான். கொழும்பு தட்டையான ஊர், ஒவ்வொரு அங்குலமும் காசு.

செப்டிக் டேங்கை இடையில விடக் கூடாது. அதிலிருந்து வெளியேறுற தண்ணியில ஒட்சிசன் இல்லை, சல்ஃபைட் நிறைய. அது சபை மேன்ஹோல்ல வாயுவாக வெளியேறி, ஈரமான மேல் சுவரில் அமிலமாக மாறி, சீமெந்தை அரிக்கும். டேங்க் நிரம்புறப்ப சேறும் கூடவே வரும். நேரடியாக இணைங்க. இணைப்பு ஓடத் தொடங்கின பிறகு கலி பவுசர் (கழிவை உறிஞ்சி ஏற்றும் லொறி) வைத்து டேங்கை உறிஞ்சி, அடித்தளத்தில் துளை போட்டு, மணல் போட்டு நிரப்புங்க. துளை ஏன் என்றால், அடி மூடியிருந்தா மழைத் தண்ணி உள்ளே தேங்கி மேல் தரை சதசதவென்று கிடக்கும்.

காகிதக்கட்டு எழுதியது:

கடிதப் பக்கம் நான் சொல்கிறேன்.

கொழும்பு மாநகர எல்லைக்குள் என்றால் மாநகர சபையின் வடிகால் பிரிவு. வெள்ளவத்தை எல்லைக்குள்தான் வருகிறது. எல்லை தாண்டித் தெஹிவளை என்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் போக வேண்டும். இரண்டையும் குழப்பி ஒரு மாதத்தைத் தொலைப்பவர்கள் உண்டு.

உங்களுடையது வெறும் இணைப்பு விண்ணப்பம் அல்ல, 2 மாடி கூடுகிறது. ஆகவே கட்டட விண்ணப்பத்தோடு சேர்த்தே கழிவுநீர் வரைபடமும் போக வேண்டும். அதில் ஒவ்வொரு மேன்ஹோலின் மூடி மட்டம், அடி மட்டம், குழாய் விட்டம், சரிவு, கலி ட்ராப்புகள் (கழிவுநீர் விழும், நாற்றம் திரும்பி வராமல் நீர் தேங்கி நிற்கும் வாய்கள்), காற்றுக் குழாய் எல்லாம் குறிக்கப்பட வேண்டும். மழைநீர்க் குழாய்களைத் தனிக் கோடாகக் காட்டி, அவை கானில் (மழைநீர் வாய்க்காலில்) முடிவதைக் காட்டுங்கள். கோடு எங்கே முடிகிறது என்று காட்டாத வரைபடம் திரும்பி வரும்.

காணி உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், கடைசி ஆதனவரி ரசீது ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். தளத்தைப் பார்த்த பிறகு மதிப்பீடு தருவார்கள், பணம் கட்டிய பிறகுதான் வேலை. ஒழுங்கையை வெட்டுவதற்கும் திருத்துவதற்கும் தனிக் கட்டணம். ஒழுங்கை சபையுடையது என்பதால் உங்களுக்குச் சுலபம். காலி வீதியையே வெட்ட வேண்டியிருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் உள்ளே வரும்.

முக்கியமான ஒன்று: சபைக் குழாயில் துளை போடுவதற்கு உங்கள் பிளம்பருக்கு அதிகாரம் கிடையாது. உங்கள் கடைசி மேன்ஹோல் வரைக்கும் உங்கள் வேலை. அதற்கு அப்பால் சபை செய்யும், அல்லது சபையின் மேற்பார்வையில் நடக்கும். இரவோடு இரவாகக் குத்தித் துளைத்து, குழாய் நுனியை 2 அங்குலம் உள்ளே நீட்டிச் சாந்து பூசிவிடுவார்கள். அந்த நீட்டத்தில் துணியும் தலைமுடியும் சிக்கி முழு ஒழுங்கைக்கும் அடைப்பு.

கடைசியில் கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழ் எடுக்கப் போகும்போது கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்வி மறுபடி வரும். குழியை மூடுவதற்கு முன்னர் பரிசோதனைக்குக் காட்டி, திகதியோடு படமும் எடுத்து வையுங்கள்.

மழைக்கான் எழுதியது:

கூரைத் தண்ணிக்கு ஒரு கணக்கு மட்டும். உங்கட கூரை 1,000 சதுர அடி என்றால் 93 சதுர மீற்றர். மணித்தியாலத்துக்கு 50 மில்லிமீற்றர் மழை கொழும்பில புதுமையே இல்லை. ஒரு மணித்தியாலத்தில 4,650 லீற்றர். 5 பேர் உள்ள வீடு ஆளுக்கு 150 லீற்றர் பாவிச்சா ஒரு நாளைக்கு 750. அதாவது ஒரு மணி நேர மழையில ஒரு கூரை ஆறு நாள் கழிவுநீரை ஒரேயடியாக் கொட்டுது. 20 வீடு அப்பிடிச் செய்தா ஒழுங்கைக் குழாய் நிரம்பி, மிகவும் பள்ளமான வீட்டுக்குள்ள ஏறும். பின்வளவு பள்ளம் என்று எழுதினது நீங்கள்தான்.

கொழும்பில மழைநீருக்குக் கான் வேற, மலக்கழிவுக்குக் குழாய் வேற என்றுதான் வெள்ளைக்காரன் காலத்திலயே அமைச்சது. கழிவு பம்பு நிலையங்களால தள்ளுப்பட்டு, தெற்கே வெள்ளவத்தையிலயும் வடக்கே முகத்துவாரத்திலயும் நீண்ட குழாயால கடலுக்குப் போகுது. மழைத்தண்ணி அதுக்குள்ள போனா பம்புக்குத்தான் முதல் அடி.

முற்றத்துக் கலி ட்ராப்பின் விளிம்பைத் தரையை விட 3 இஞ்சியாவது உயர்த்திக் கட்டுங்கோ. கூரைக் குழாயைத் தடுத்துப்போட்டு முற்றத்து வெள்ளத்தைக் கலிக்குள்ள விடுற ஆக்கள்தான் கூட.

கடலோரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சபையிலிருந்து வந்து பார்த்தினம். குழாயின் அடி மட்டம் மூடியிலிருந்து 1,620 மில்லிமீற்றர், குழாய் 9 இஞ்சி. மட்டம் சரி. ஆனா டியூப் லெவல் (தண்ணி நிரப்பின குழாயால மட்டம்) பிடிச்சுப் பார்த்தா கீழ்த்தள பாத்ரூம் தரை மேன்ஹோல் மூடியை விட 4 இஞ்சி கீழ. இதால ஏதும் பிரச்சினை வருமா?

நீர்மட்டம் எழுதியது:

வரும். சபைக் குழாய் நிரம்பினா தண்ணி ஒழுங்கை மூடி மட்டம் வரைக்கும் ஏறி, அங்கே வழியத் தொடங்கும். உங்க பாத்ரூம் தரை அதுக்குக் கீழே என்பதால மூடி வழியிறதுக்கு முதல் உங்க ஷவர் ஓட்டையால வரும். கொமட்டால இல்லை, அது உயரம்.

தரையை உயர்த்த முடிஞ்சா அதுதான் மலிவான தீர்வு. 4 இஞ்சிப் பள்ளத்துக்கு 6 இஞ்சி உயர்த்தினா மூடியை விட 2 இஞ்சி மேலே வந்துடுவீங்க. திருத்த வேலை எப்படியும் நடக்குதே. முடியாவிட்டா எதிரோட்டத் தடுப்பு வால்வு. இதை எங்கே போடுறது என்பதில்தான் எல்லாரும் பிழை விடுறாங்க. முழு வீட்டு லைனிலும் கடைசியில் ஒன்று போட்டா, வெளியே நிரம்பி வால்வு மூடினதும் மேல் மாடியில் குளிக்கிறவரின் தண்ணி வெளியே போக வழியில்லாம உங்க கீழ்த்தளத்திலேயே வந்து நிற்கும். வெள்ளம் சபையுடையது இல்லை, உங்க சொந்தத் தண்ணி.

ஆகவே கீழ்த்தளத்துக்குத் தனிக் கிளை. வால்வு அந்தக் கிளையில் மட்டும். மேல் மாடிகளின் குழாய் வால்வுக்கு அப்பால், ஒழுங்கைப் பக்கமாக வந்து சேரணும். வால்வுக்கு 600க்கு 600 மில்லிமீற்றரில் ஒரு அறை, திறக்கக்கூடிய மூடியோடு. 3 மாதத்துக்கு ஒருமுறை திறந்து மடலைக் கையால அசைச்சுப் பாருங்க. ஒரு பல்லுக்குத்தி சிக்கினாலே மூடாது.

பழைய மேசன் எழுதியது:

குழாய் போடுற வேலையில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்.

கிடங்கின் அடியில் கல் கிடந்தா எடுத்துப்போட்டு 4 இஞ்சிக்கு மணல் அல்லது சிறு சல்லி. குழாயின் கப்ளிங் வருகிற இடத்தில் கையால ஒரு சிறு பள்ளம் தோண்ட வேணும், இல்லாட்டா குழாய் கப்ளிங்கில மட்டும் தாங்கி நடுவில தொய்யும். தொய்வில் தண்ணி தேங்கும், கொழுப்பு படியும், ஒரு வருஷத்தில அடைப்பு. குழாய்க்குக் கீழே செங்கல் துண்டு முட்டுக் கொடுக்கிறதும் இதே வியாதிதான். கார் நிற்கிற இடத்தில் மூடுமண் 600 மில்லிமீற்றருக்குக் குறைஞ்சா சுற்றிவர 4 இஞ்சி கொங்கிறீட்.

திரும்பலில் எல்லாம் மேன்ஹோல். தொண்ணூறு பாகை எல்போ மண்ணுக்குள்ள வேணாம். கிளைகள் ஓட்டத்தின் திசைக்கு 45 பாகையில் சேரட்டும். மேன்ஹோல் அடியில் அரை வட்ட வாய்க்கால், இரண்டு பக்கமும் 12க்கு 1 சரிவில் பெஞ்சிங் (வாய்க்காலை நோக்கிச் சரியிற சீமெந்துத் தோள்), கரண்டியால மழமழவென்று இழுத்து. தட்டையான அடியுள்ள பெட்டி மேன்ஹோல் கட்டினா மலம் மூலையில தங்கும்.

குழி மூடுறதுக்கு முதல் தண்ணிப் பரிசோதனை. கீழ் முனையை பிளக் போட்டு அடைச்சு, மேல் முனையில் எல்போவும் நிமிர்ந்த குழாயும் வைத்து 1.5 மீற்றர் உயரத்துக்குத் தண்ணி. 2 மணித்தியாலம் விடுங்கோ, குழாய்க்குள்ள சிக்கின காற்று வெளியேற. பிறகு நிரப்பி அரை மணி. 4 இஞ்சிக் குழாயில் 10 மீற்றருக்கு அரை லீற்றருக்கு மேல குறைஞ்சா எங்கேயோ மூட்டு விட்டிருக்கு.

பழைய வீடு என்கிறீர்கள். முன்னம் எப்பவாவது இணைப்பு இருந்திருந்தா, படலையடியில மண்ணுக்குள்ள மண்குழாய் இன்டர்செப்டர் ட்ராப் (சபைக் குழாயின் வாயு வீட்டுப் பக்கம் வராமத் தடுக்கிற, தண்ணி தேங்கும் வளைவு) ஒன்று கிடக்கும். அதின்ர மேல் வாயில ஒரு அடைப்பான் இருக்கும். அந்த அடைப்பான் கழன்று ட்ராப்புக்குள்ள விழுந்து அடைக்கிறதுதான் பழைய வெள்ளவத்தை வீடுகளின் நிரந்தர நோய். மேன்ஹோல் பாதி நிரம்பி நிற்கும், ரொட் விட்டா வளைவில முட்டும். புது லைனில் அதைத் திரும்பக் கட்ட வேணாம். கண்டால் உடைச்சு அகற்றுங்கோ.

காற்றுக் குழாய் மேல் மாடிக் கூரைக்கு மேல, பக்கத்து ஜன்னல் 3 மீற்றருக்குள்ள இருந்தா அதை விட 900 மில்லிமீற்றர் உயரம். நுனிக்கு நுளம்பு வலை கட்டாயம். காற்றுக் குழாய் இல்லாட்டா மேல் மாடி ஃபிளஷ் கீழ்த்தள ட்ராப்பின் தண்ணியை உறிஞ்சி எடுத்துப்போடும், பிறகு வீடு நாறுது என்று சாம்பிராணி போடுவினம்.

மழைக்கான் எழுதியது:

சாப்பாட்டுக் கடை விசயத்தை ஆரும் சொல்லேல்லை. குசினி லைனை கிரீஸ் ட்ராப்பால (எண்ணெயைப் பிடிச்சு வைக்கிற தொட்டி) விட்டுத்தான் மேன்ஹோலுக்கு. பாத்ரூம் லைன் அதுக்குள்ள வரவே கூடாது. உச்ச நேரத்தில நிமிசத்துக்கு 30 லீற்றர் வந்தா, அரை மணி தங்க 900 லீற்றர் கொள்ளளவு. உள்ளே தடுப்புச் சுவர், வெளியேறும் டீயின் கால் தண்ணிக்குள்ள தாழ்ந்து நிற்க வேணும், இல்லாட்டா மேல மிதக்கிற எண்ணெய்தான் முதல்ல போகும். மேல மிதக்கிற எண்ணெய் ஆடை தொட்டி ஆழத்தில கால்வாசிக்குத் தடிச்சதும் அள்ளுங்கோ, அள்ளினதைக் கானில கொட்டாதேங்கோ. வாடகை ஒப்பந்தத்திலயே யார் அள்ளுறது என்று எழுதிப் போடுங்கோ. சுடுதண்ணியும் சோப்பும் ஊத்தினா கரையும் என்று வாடகைக்காரர் சொன்னா நம்பாதேங்கோ. கரைஞ்சது 10 மீற்றர் தள்ளி ஒழுங்கைக் குழாயில திரும்ப உறையும்.

கடலோரம் எழுதியது:

தரையை 6 இஞ்சி உயர்த்துறதாத் தீர்மானிச்சாச்சு. கூரைக் குழாய் ரெண்டும் கானுக்கு. வரைபடத்தைத் திரும்பக் கீறக் குடுத்திருக்கு. கடைசியா ஒன்று: மேன்ஹோல் ஒன்று கார் நிறுத்துற இடத்தில வருது. மேல டைல்ஸ் ஒட்டலாமா?

பழைய மேசன் எழுதியது:

மூடியின் தட்டுக்குள்ள டைல்ஸ் பதிக்கிற மாதிரி இரட்டை விளிம்பு மூடி விக்குது, கார் பாரம் தாங்குறதாப் பார்த்து வாங்குங்கோ. விளிம்பு இடுக்குக்கு கிரீஸ் பூசுங்கோ, சீமெந்து பூசாதேங்கோ. மூடிக்கு மேலால ஒரே டைல்ஸா ஒட்டினா, அடைப்பு வார அன்று உடைக்க வேண்டியது டைல்ஸைத்தான்.