சிஎச்மாட் 600 போட்டாலும் 777 என்றே காட்டுகிறது

கேள்வி:
விண்டோஸ் 11 லேப்டாப், அதில் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி), உபுண்டு லினக்ஸ். சர்வருக்கான சாவிக் கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில்தான் இருக்கிறது. சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்எச் கட்டளை கொடுத்தால், அனுமதி 0777 (யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்), ரொம்பத் திறந்து கிடக்கிறது என்று திட்டிவிட்டு சாவியைத் தொடவே மாட்டேன் என்கிறது. அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) போட்டேன். ஒரு பிழையும் வரவில்லை. சரி, முடிந்தது என்று கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டுப் பார்த்தால் அதே 777! நிர்வாகி உரிமை தரும் சூடோ சேர்த்தும் அசையவில்லை. நேற்று ராத்திரி பதினொரு மணியிலிருந்து இதே கதை. உபுண்டுவை அழித்துவிட்டு மறுபடி போடவா?

பதில் 1:
ஐயோ, அழிக்காதீர்கள். உபுண்டு மேல் தப்பே இல்லை. டவுன்லோட்ஸ் இருப்பது சி டிரைவில், அதாவது விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில். அங்கே யாருக்கு என்ன உரிமை என்பது விண்டோஸின் சொந்தக் கணக்கு. லினக்ஸின் ஆர்டபிள்யூஎக்ஸை (படிக்க, எழுத, இயக்க உரிமைகளை) எழுதிவைக்க இயல்பாக இடமில்லை. நீங்கள் போட்ட 600 காற்றோடு போய்விட்டது. எழுதும் உரிமையை மொத்தமாக எடுத்தால் மட்டும் விண்டோஸ் பக்கம் ரீட்-ஒன்லி டிக் விழும், அவ்வளவுதான். சாவியை உபுண்டுவில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள், டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு நகலெடுத்து, அங்கே 600 போடுங்கள். ஃபோல்டருக்கு 700.

பதில் 2:
சாவிக்கு அது போதும். ஆனால் ப்ராஜெக்டே சி டிரைவில் இருந்தால் உபுண்டுவின் இடிசி ஃபோல்டருக்குள் டபிள்யூஎஸ்எல் டாட் கான்ஃப் கோப்பைத் திறந்து, ஆட்டோமவுண்ட் பகுதியில் ஆப்ஷன்ஸாக மெட்டாடேட்டா என்று சேருங்கள். அதற்கப்புறம் போடும் சிஎச்மாட்டை என்டிஎஃப்எஸ்ஸிலேயே கூடுதல் தகவலாகக் குறித்துவைக்கும். ஜன்னலை மூடித் திறந்தால் மட்டும் போதாது, விண்டோஸின் பவர்ஷெல்லில் டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன் கொடுக்க வேண்டும். நான் இது தெரியாமல் ஒரு மதியத்தையே தொலைத்தேன். கோடின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட்டில் ஒரு எழுத்துகூட மாற்றாத கோப்புகள் எல்லாம் மாறியதாக வந்தால் காரணம் இதே 777ஆக இருக்கலாம்; அந்த ரெப்போவில் (கிட் கவனிக்கும் ப்ராஜெக்ட் ஃபோல்டரில்) அனுமதி மாற்றத்தைக் கவனிக்கும் கோர் டாட் ஃபைல்மோட் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள்.

கேட்டவர்:
நுழைந்துவிட்டேன்! நகலெடுத்ததும் 755 என்று வந்தது, ஒரு நிமிடம் பகீரென்றது. 600 போட்டதும் இந்தத் தடவை நின்றது. டவுன்லோட்ஸில் கிடந்த பிரதியை அழித்துவிட்டேன். மெட்டாடேட்டாவை நாளைக்குப் பார்க்கிறேன், இப்போது தூக்கம்.