தோட்டத்து மழைக்கணக்கு குழு (காங்கயம் – தாராபுரம் பக்கம்), மே 27

[காலை 8:41] மேட்டுத்தோட்டம் பெரியப்பா: நேத்து சாயங்கால மழை 22 மி.மீ. எட்டரைக்கு அளந்தது. மத்தவங்களும் போடுங்க. இது 27ஆம் தேதிக் கணக்கு, 26 இல்ல. காலை 8:30ல இருந்து மறுநாள் 8:30 வரைக்கும்தான் ஒரு நாள். 31ஆம் தேதி சாயங்காலம் பேஞ்சா அது ஜூன் 1ல விழும், கோடை மழையிலயே சேராது.

[8:47] பள்ளத்துத்தோட்டம் அம்மிணி: தண்ணி பாட்டில வெட்டி வெச்சிருந்தேன் பெரியப்பா. ஸ்கேல் வெச்சுப் பார்த்தா 31 காட்டுது. நமக்கு நடுவுல ஒரு கிலோமீட்டர்கூட இல்லீங்களே?

[8:52] மேட்டுத்தோட்டம் பெரியப்பா: இடி மழை அப்படியும் பேயும் அம்மிணி, ஒரு தோட்டம் நனையும், அடுத்தது காயும். ஆனா பாட்டில் அடி குழியும் மேடுமா இருக்கும், அதுல ஸ்கேல் பொய் சொல்லும். தண்ணிய சிரிஞ்சில உறிஞ்சி எத்தன மில்லின்னு பாரு. அதைப் பத்தால பெருக்கி, பாட்டில் வாயோட பரப்பால (சதுர செ.மீ.) வகுத்தா மி.மீ. வந்துரும். வாய் விட்டம் 10 செ.மீ.ன்னா பரப்பு 78.5.

[8:59] பள்ளத்துத்தோட்டம் அம்மிணி: வாய் 10தானுங்க. 150 மில்லி இருக்கு. அப்ப 19.

[9:00] மேட்டுத்தோட்டம் பெரியப்பா: அதுதான் சரி. வாய் தரையில இருந்து ஒரு அடி உசரம் இருக்கோணும். பக்கத்துல இருக்கற மரம், செவுரு எத்தன உசரமோ அதுல ரெண்டு பங்கு தள்ளி வை. ஓலை நுனியில சொட்டறது உள்ள விழுந்தா கணக்கே கெட்டுரும்.

[9:08] கிழக்கால வீடு மாமா: கோடை மழை இயல்ப விட 40 சதவீதம் கூடுதல்னு ஒரு மெசேஜ் சுத்துது. நம்ம போர்ல ஒரு மணி நேரத்துல காத்து வருது. எது நெசமுங்க மச்சான்?

[9:17] மேட்டுத்தோட்டம் பெரியப்பா: ரெண்டுமே நெசமா இருக்கலாம் மாப்ளே. மார்ச் 1ல இருந்து மே 31 வரைக்கும் பேஞ்சதக் கூட்டி, சராசரியோட ஒப்பிட்டுச் சொல்றாங்க. 19 சதவீதம் கூடக்கொறைய இருந்தா "இயல்பு". 20ல இருந்து 59 வரைக்கும் கூடுனா "அதிகம்". அதே அளவு கொறஞ்சா "பற்றாக்குறை". எத்தன நாள்ல பேஞ்சுதுன்னு அந்த சதவீதத்துல தெரியாது. கத்திரி வெயில்ல நாளுக்கு 6, 7 மி.மீ. ஆவியாப் போகுது, மாசத்துக்கு 200 ஆச்சு. நேத்துப் பேஞ்ச 22 மூணு நாள் வெயிலுக்குத்தான் காணும்.

[9:19] மேட்டுத்தோட்டம் பெரியப்பா: கெணத்துக்கும் போருக்கும் தண்ணி ஐப்பசி கார்த்திகையில ஏறறது. 2016ல வடகிழக்குப் பருவமழை மாநிலத்துக்கே 62 சதவீதம் கொறஞ்சுது. 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சின்னு அறிவிச்சாங்க. அந்தக் கோடையில தென்ன காஞ்சதுக்குக் காரணம் முந்தின கார்த்திகை. மே மாச மழைய மேல்மண்ண நனைக்க மட்டும் வந்த மழையா நெனச்சு வேலை பாருங்க.

[9:26] பள்ளத்துத்தோட்டம் அம்மிணி: அப்பத் தென்னைக்கு இன்னைக்கு சொட்டுநீர் விடறதா, நிறுத்தறதாங்க?

[9:34] மேட்டுத்தோட்டம் பெரியப்பா: கணக்குப் போடு. வட்டப்பாத்தி 1.8 மீட்டர் ஆரம்னா பரப்பு 10 சதுர மீட்டர். 1 மி.மீ.ங்கறது சதுர மீட்டருக்கு 1 லிட்டர். உனக்கு 19, அப்ப மரத்துக்கு 190 லிட்டர். நாளுக்கு 65 லிட்டர் விடறவங்க மூணு நாள் மோட்டார நிறுத்தலாம், போரும் கொஞ்சம் ஊறும். ஆனா பாத்திக்கரை ஒடஞ்சு தண்ணி வெளிய ஓடியிருந்தா இந்தக் கணக்கு செல்லாது, மொதல்ல சுத்திப் பாத்துட்டு வா.

[9:36] மேட்டுத்தோட்டம் பெரியப்பா: ஈரம் இருக்கறப்பவே மூடாக்குப் போட்டுரு. உரிச்ச தேங்கா மட்டை மரத்துக்கு 100, முதுகு மேல பாக்கற மாதிரி. மட்டை இல்லீன்னா காஞ்ச ஓலை 15, இல்ல மஞ்சித்தூள் (தேங்கா நார்க்கழிவு) 10 செ.மீ. கனத்துக்கு. காஞ்ச மண்ணு மேல மூடுனா அடுத்த சின்ன மழை மூடாக்குலயே நின்னுரும், வேருக்கு எறங்காது.

[9:44] கிழக்கால வீடு மாமா: மானாவாரிக் காட்டுல ஏர் பூட்டலாமுங்களா?

[9:50] மேட்டுத்தோட்டம் பெரியப்பா: ஒரு உழவு மழைதான் இது. கடப்பாறையில குத்திப் பாருங்க, ஈரம் ஒரு சாண் எறங்கியிருக்கோணும். ஒரு பிடி மண்ண அமுக்கி, விரல்ல தட்டுனா உதிரோணும். கையில ஒட்டுச்சுன்னா நாளைக்கு. சரிவுக்குக் குறுக்கால ஓட்டுங்க. மேலயும் கீழயுமா ஓட்டுன சால் வாய்க்கால் மாதிரி ஆகி, மண்ணையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். வெதைக்க வேண்டாம். ஜூன்ல பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எழுந்தா நம்ம பக்கம் மழை மறைஞ்சுரும், ஈரத்தையும் அதே காத்து உறிஞ்சிரும்.

[10:05] மாட்டு டாக்டர் தம்பி: எல்லாரும் இத அவசியம் படிங்க. வெயில்ல வாடிக் கெடந்த சோளக்கட்டை இந்த மழைக்கு ரெண்டு மூணு நாள்ல துளுக்கும். அந்தத் துளிர்லதான் சயனைடு நஞ்சு அதிகம். பசியோட இருக்கற மாடு பத்துப் பதினஞ்சு நிமிசத்துல விழுந்துரும். மூச்சு வாங்கும், நுரை தள்ளும், ஈறு பளிச்னு செவப்பா இருக்கும். வாயில எண்ணெய், மோர் எதுவும் ஊத்தாதீங்க, மூச்சு வாங்கற மாட்டுக்கு அது நுரையீரலுக்குப் போயிரும். காட்ட விட்டு வெளிய ஓட்டிட்டு உடனே கூப்பிடுங்க. சோடியம் தயோசல்பேட் ரத்தக்குழாயில போட்டாத்தான் பொழைக்கும்.

[10:09] பள்ளத்துத்தோட்டம் அம்மிணி: நாங்க கோ எப்எஸ் 29 தீவனச் சோளம் போட்டிருக்கோம், அதுவுமாங்க?

[10:14] மாட்டு டாக்டர் தம்பி: மொத அறுப்பு 65 நாள், அப்புறம் 50 நாளைக்கு ஒருக்கா அறுத்தா பயமில்லீங்கக்கா. வறட்சியில வாடுனத அவசரத்துக்கு முன்னாடியே அறுத்தாத்தான் ஆபத்து. அறுத்தே தீரோணும்னா ரெண்டு மூணு நாள் வெயில்ல நல்லாக் காய வெச்சு, வைக்கோலோட கலந்து கொஞ்சமாப் போடுங்க.

[10:21] கிழக்கால வீடு மாமா: மாட்டக் கொறங்காட்டுல (வேலி போட்ட மேய்ச்சல் காட்டுல) உடலாமுங்களா தம்பி?

[10:25] மாட்டு டாக்டர் தம்பி: அங்க இருக்கற கொழுக்கட்டைப் புல்லுல இந்த நஞ்சுப் பயமில்லீங்க மாமா. ஆனா இப்பத்தான் துளுக்குது, கடிச்சா வேரோட வந்துரும், ஆடி வரைக்கும் காடு மொட்டையா நிக்கும். மூணு வாரம் கழிச்சு உடுங்க. அதுவரைக்கும் காஞ்ச பழைய சோளத்தட்டுதான், தண்ணி மட்டும் நாளெல்லாம் நெழல்ல இருக்கட்டும்.

[10:27] கிழக்கால வீடு மாமா: படலச் சாத்திட்டேன். வெள்ளாடுகளையும் உள்ள உடல.